கிரீஸ்: நஷ்டத்தை யார் தலையில் கட்டினார்கள்?

"கிரீஸ் வரவுக்கு மீறிச் செலவு செய்தது, கணக்கில் பொய் சொன்னது, மாட்டிக்கொண்டது. ஐ.எம்.எஃப்பும் (சர்வதேச நாணய நிதியம்) ஐரோப்பிய ஒன்றியமும் கடன் கொடுத்துக் காப்பாற்றின. சிக்கன நடவடிக்கை, அதாவது அரசுச் செலவை வெட்டுவது, கசப்பு மருந்துதான், ஆனால் இப்போது கிரீஸ் நன்றாக வளர்கிறதே? அப்புறம் ஏன் மைய நீரோட்டப் பொருளியலை விமர்சிக்கிறவர்கள் எல்லோரும் கிரீஸையே உதாரணம் காட்டுகிறார்கள்?" என்பது கேள்வி.

இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2010இல் கிரீஸ் கட்டவே முடியாத கடனில் இருந்தது. கட்ட முடியாத கடன் என்றால் யாரோ ஒருவர் நஷ்டப்பட்டே தீர வேண்டும். அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்பது அரசியல் முடிவு. அந்த முடிவை, வேறு வழியே இல்லாத கணக்குப் போலக் காட்டுவதற்குப் பொருளியல் பயன்பட்டது. போட்ட கணக்கும் தப்பு என்பதை ஐ.எம்.எஃப்பே பிறகு எழுத்தில் ஒப்புக்கொண்டது.

முதலில் கிரீஸின் தவறுகளைப் பார்த்துவிடுவோம், அவற்றை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. 2009 அக்டோபர் தேர்தலில் ஜார்ஜ் பாப்பாண்ட்ரூ வென்று ஆட்சிக்கு வந்தபோது, அந்த ஆண்டின் பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபியில் (நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில்) 3.7 சதவீதம் என்று முந்தைய அரசு சொல்லிவைத்திருந்தது. புதிய அரசு அதை 12 சதவீதத்துக்கு மேல் என்று திருத்தியது. கடைசியாகக் கணக்கு முடித்தபோது அது 15 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. வரி ஏய்ப்பு ஊரறிந்த விஷயம். அதிலும் பெரிய ஏய்ப்பு பெரிய இடங்களில்தான் நடந்தது. கப்பல் முதலாளிகள் வருமான வரிக்குப் பதிலாகக் கப்பலின் எடைக்கு ஏற்ப ஒரு சிறு வரி கட்டினால் போதும் என்ற சலுகைக்கு நாட்டின் அரசியலமைப்புச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. 2010இல், அப்போது பிரான்ஸின் நிதியமைச்சராக இருந்த கிறிஸ்டின் லகார்ட், ஜெனீவா வங்கியொன்றில் கணக்கு வைத்திருந்த சுமார் 2,000 கிரேக்கர்களின் பட்டியலை ஏதென்ஸுக்குக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. 2012இல் கோஸ்டாஸ் வாக்ஸேவானிஸ் என்ற பத்திரிகையாளர் அதை வெளியிட்டதும் அவரைத்தான் கைது செய்தார்கள். நல்லவேளையாக நீதிமன்றம் அவரை விடுவித்தது.

ஆயுதச் செலவையும் விடக் கூடாது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கொள்முதல் உள்ளிட்ட பேரங்களில் லஞ்சம் வாங்கி, அந்தப் பணத்தை வெள்ளையாக்கிய வழக்கில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஆக்கிஸ் சோஹட்சோபுலோஸுக்கு 2013இல் 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கிரீஸிலும் போர்ச்சுகலிலும் லஞ்சம் கொடுத்த விவகாரத்துக்காக ஃபெர்ரோஸ்டால் என்ற ஜெர்மன் நிறுவனம் 2011இல் மியூனிக் நீதிமன்றத்தில் சுமார் 14 கோடி யூரோ அபராதம் ஏற்றது. ஊழலுக்கும் வாங்குபவர், கொடுப்பவர் என்று இரண்டு கை வேண்டும். கிரேக்க ஊழலைப் பற்றி வந்த அத்தனை கட்டுரைகளிலும் இந்த இரண்டாவது கை அபூர்வமாகத்தான் தென்பட்டது.

"சோம்பேறிகள்" என்ற பேச்சு மட்டும் பச்சைப் பொய். வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் புள்ளிவிவரப்படி, நெருக்கடிக் காலத்தில் கிரேக்கத் தொழிலாளி ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மணி நேரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தார், ஜெர்மன் தொழிலாளி 1,400 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோ. கிரீஸில் மணிக்கு உற்பத்தியாகும் மதிப்பு குறைவு என்பது உண்மை. அதற்குக் காரணம் முதலீடு, தொழில்நுட்பம், சிறு கடைகளும் சுற்றுலாவும் நிறைந்த பொருளாதார அமைப்பு. உழைப்பில் குறை இல்லை.

சரி, கடன் கொடுத்தவர்கள் பக்கம் வருவோம். 1990களின் தொடக்கத்தில் கிரேக்க அரசு கடன் வாங்க வேண்டுமென்றால் இரட்டை இலக்க வட்டி கொடுக்க வேண்டியிருந்தது. 2001இல் யூரோவுக்குள் நுழைந்த பிறகு, ஜெர்மனி கொடுக்கும் வட்டியைவிடக் கொஞ்சூண்டு அதிகம் கொடுத்தால் போதும் என்ற நிலை வந்தது. கிரீஸ் அவ்வளவு மாறிவிட்டதா? இல்லை. யூரோ நாட்டு அரசுகளின் கடன் பத்திரங்களுக்கு எதிராக வங்கிகள் தங்கள் சொந்த மூலதனத்தில் ஒரு பைசாகூட ஒதுக்கிவைக்க வேண்டாம் என்று ஐரோப்பிய வங்கி விதிமுறை அனுமதித்தது. அபாயம் சுழியம் என்று சட்டமே சொல்லிவிட்டால் எந்த வங்கி ஆராயப் போகிறது? கொஞ்சம் கூடுதல் வட்டி தரும் கிரேக்கப் பத்திரத்தைப் பிரெஞ்சு வங்கிகளும் ஜெர்மன் வங்கிகளும் வாங்கிக் குவித்தன. சந்தை எல்லா அபாயத்தையும் விலையில் சேர்த்துவிடும் என்பது பாடப்புத்தகக் கோட்பாடு. கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் சந்தை அதைச் சேர்க்கவில்லை. பிறகு ஒரே குளிர்காலத்தில் மொத்தமாகச் சேர்த்தது.

இன்னொரு பக்கம், ஜெர்மனி ஏற்றுமதி உபரியில் கொழித்தது. உபரி நாட்டின் சேமிப்பு எங்காவது கடனாகப் போய்த்தான் ஆக வேண்டும், அது தெற்கு ஐரோப்பாவுக்குப் போனது. 2008இல் கிரீஸின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (வெளிநாடுகளிலிருந்து வரும் வருவாயைவிட அங்கே போகும் பணம் எவ்வளவு அதிகம் என்பது) ஜிடிபியில் 15 சதவீதத்தை எட்டியது. ஒருவருடைய பற்றாக்குறையே இன்னொருவருடைய உபரி. உபரி வைத்திருப்பவர் ஒழுக்கமானவர், பற்றாக்குறை உள்ளவர் ஊதாரி என்று பிரித்துப் பேசுவது பொருளியலே கிடையாது, அது வெறும் நீதிபோதனை.

இப்போது 2010 மே மாதம். நான் இந்தக் கதையில் மிக முக்கியமாக நினைப்பது இந்த இடத்தைத்தான். அர்ஜென்டினாவுக்குக் கடன் கொடுத்துக் கைசுட்டுக்கொண்ட பிறகு ஐ.எம்.எஃப் 2002இல் ஒரு விதி வைத்துக்கொண்டது. ஒரு நாட்டுக்கு வழக்கமான வரம்பை மீறிப் பெரிய கடன் கொடுப்பதென்றால், அந்த நாட்டின் கடன்சுமை தாங்கக்கூடியதுதான் என்பதற்கு அதிக வாய்ப்பு இருப்பதாக நிபுணர்கள் உறுதி சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால், பழைய கடனை முதலில் குறைத்துவிட்டுத்தான் புதுக் கடன் கொடுக்க வேண்டும். கிரீஸ் விஷயத்தில் நிபுணர்களால் அந்த உறுதியைச் சொல்ல முடியவில்லை. அதனால் விதியையே மாற்றினார்கள். உலக நிதி அமைப்புக்குப் பாதிப்பு பரவும் ஆபத்து இருந்தால் அந்த உறுதி தேவையில்லை என்று ஒரு விதிவிலக்கைச் செருகினார்கள். பிறகு 2016இல் அதை நீக்கினார்கள்.

மொத்தம் 11,000 கோடி யூரோ. அதில் யூரோ நாடுகள் 8,000 கோடி, ஐ.எம்.எஃப் 3,000 கோடி. ஐ.எம்.எஃப்பில் கிரீஸுக்கு இருந்த பங்கைப் போல அது 32 மடங்கு. பழைய கடனில் ஒரு யூரோகூடத் தள்ளுபடி இல்லை.

இந்தக் கடனுக்கு ஒப்புதல் தந்த ஐ.எம்.எஃப் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டவில்லை. பிரேசிலின் பிரதிநிதி பாவ்லோ நோகேரா பட்டீஸ்டா, இது கிரீஸைக் காப்பாற்றும் திட்டமாக அல்ல, கிரீஸுக்குக் கடன் கொடுத்த தனியார் நிறுவனங்களைக் காப்பாற்றும் திட்டமாகவே பார்க்கப்படும் என்றார். இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த அர்விந்த் விர்மானி, இவ்வளவு பெரிய வெட்டு விலையையும் வேலையையும் வரி வருவாயையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இழுத்து, கடைசியில் திட்டத்தையே கவிழ்த்துவிடக்கூடும் என்று எச்சரித்தார். அடுத்த மூன்று ஆண்டுகளில் அச்சு அசலாக அதுதான் நடந்தது. ஜெர்மன் மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் கார்ல் ஓட்டோ பூலும் அதே மே மாதம் ஒரு பேட்டியில், ஜெர்மன் வங்கிகளை, அதைவிட முக்கியமாகப் பிரெஞ்சு வங்கிகளைக் காப்பதற்காகவே இது நடக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். இவர்கள் யாரும் தெருவில் கொடி பிடித்தவர்கள் இல்லை.

அந்தப் பணம் எங்கே போனது என்று பெர்லினில் உள்ள ஈ.எஸ்.எம்.டி மேலாண்மைப் பள்ளி 2016இல் கணக்குப் பார்த்தது. 2010இலும் 2012இலும் போட்ட முதல் இரண்டு கடன் திட்டங்களிலும் கொடுத்த 21,590 கோடி யூரோவில், கிரேக்க அரசின் பட்ஜெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது 970 கோடி, அதாவது 5 சதவீதத்துக்கும் குறைவு. மீதி பழைய கடனின் அசலுக்கும் வட்டிக்கும், பழைய பத்திரங்களைக் குறைந்த மதிப்புள்ள புதியவற்றுக்கு மாற்றிக்கொள்ளப் பத்திரக்காரர்களுக்குக் கொடுத்த ஊக்கத்தொகைக்கும், வங்கிகளுக்கு மூலதனம் போடுவதற்கும் போனது. "எங்கள் வரிப்பணத்தை கிரேக்கர்கள் தின்கிறார்கள்" என்று ஜெர்மன் செய்தித்தாள்கள் ஆண்டுக்கணக்கில் எழுதின. ஜெர்மன் வாக்காளருக்கும் கிரேக்க ஓய்வூதியக்காரருக்கும் நடுவே மூட்டிவிடப்பட்ட சண்டை அது. பணம் இருவர் கைக்கும் வரவில்லை.

இனி, கணக்கு எங்கே தப்பியது என்று பார்ப்போம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சிக்கன நடவடிக்கை பற்றிய விவாதத்தின் மையமே இதுதான்.

கடன்சுமை என்று நாம் சொல்வது ஒரு பின்னம். மேலே கடன், கீழே ஜிடிபி. மேலே இருப்பதைக் குறைக்கிறேன் என்று நீங்கள் எடுக்கும் நடவடிக்கை கீழே இருப்பதை அதைவிட வேகமாகக் குறைத்துவிட்டால், கடன்சுமை ஏறும். அரசு 100 யூரோ செலவை வெட்டினால் ஜிடிபி எவ்வளவு குறையும் என்பதைப் பெருக்கி என்பார்கள். திட்டம் போட்ட காலத்தில் ஐரோப்பாவுக்கான கணிப்புகளுக்கு அடியில் இருந்த பெருக்கி சுமார் 0.5. அதாவது 100 யூரோ வெட்டினால் ஜிடிபி 50 யூரோ குறையும் என்ற எண்ணம். 2012 அக்டோபரில் ஐ.எம்.எஃப்பின் தலைமைப் பொருளியலாளர் ஒலிவியே பிளாங்ஷாரும் டேனியல் லீயும், உண்மையான பெருக்கி 0.9இலிருந்து 1.7 வரை இருந்திருக்கிறது என்று வெளியிட்டார்கள்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று போட்டுப் பாருங்கள். பெருக்கி 1.5 என்று வைத்துக்கொள்வோம். அரசு 100 யூரோ வெட்டுகிறது, ஜிடிபி 150 யூரோ குறைகிறது. ஜிடிபியில் ஏறக்குறைய 40 சதவீதம் வரியாகவும் பிறவாகவும் அரசுக்கு வருவது வழக்கம் என்றால், 60 யூரோ வருவாய் போயிற்று. ஆக 100 யூரோ வெட்டி மிச்சம் பிடித்தது 40 யூரோ. ஆனால் கடன் ஜிடிபியில் 127 சதவீதமாக இருக்கும் நாட்டில் ஜிடிபி 150 குறைந்தால், விகிதம் ஏறாமல் இருக்கவே கடன் 190 யூரோ குறைய வேண்டும். குறைந்ததோ 40. வெட்ட வெட்டக் கடன்சுமை ஏறுகிறது. ஏறிய சுமையைக் காட்டி, "இன்னும் வெட்டு" என்றார்கள்.

கிரீஸில் பெருக்கி ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? சொந்த நாணயம் இல்லை, அதனால் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைக் கூட்ட முடியாது. வட்டி விகிதம் ஏற்கெனவே தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்து ஐரோப்பிய நாடுகளும் அதே நேரத்தில் வெட்டிக்கொண்டிருந்தன, வாங்க ஆளில்லை. நாணயத்தின் மதிப்பைக் குறைக்க முடியாததால் கூலியைக் குறைத்தார்கள். கூலி குறைந்தது, கடன் யூரோவில் அப்படியே நின்றது. விலையும் வருமானமும் விழும்போது கடனின் உண்மையான பாரம் கூடும் என்று 1933லேயே இர்விங் ஃபிஷர் எழுதிவைத்திருக்கிறார். அவர் மைய நீரோட்டப் பொருளியலின் மூதாதைகளில் ஒருவர்.

எண்களைப் பாருங்கள். 2012இல் ஜிடிபி 2009ஐவிட 5.5 சதவீதம் குறைந்திருக்கும் என்று திட்டம் சொன்னது, குறைந்தது 17 சதவீதம். வேலையின்மை 15 சதவீதமாக இருக்கும் என்றது, இருந்தது 25. 2009இல் கடன் ஏறத்தாழ 30,000 கோடி யூரோ, ஜிடிபி 24,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. 2014இல் கடன் சுமார் 32,000 கோடி, ஜிடிபி 18,000 கோடிக்கும் கீழே. இடையில் ஒரு பெரிய தள்ளுபடி நடந்தும் விகிதம் 127இலிருந்து 180 சதவீதத்துக்குப் போனது. 2013 ஜூனில் ஐ.எம்.எஃப் வெளியிட்ட சுயமதிப்பீடு, வளர்ச்சிக் கணிப்பு மிகையான நம்பிக்கையோடு இருந்ததையும், கடன் தள்ளுபடி முன்பே நடந்திருந்தால் நல்லது என்பதையும், அது தள்ளிப்போன காலத்தில் கடன் கொடுத்த தனியார்கள் தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறது.

அப்படியானால் பொருளியல் என்ற துறையே பொய்யா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். மந்த காலத்தில் செலவை வெட்டினால் மந்தம் ஆழமாகும் என்பது முதலாண்டுப் பாடத்தில் இருப்பதுதான். அதைச் சொன்ன பொருளியலாளர்கள் 2010இலும் நிறையப் பேர் இருந்தார்கள். ஆட்சியாளர்கள் காதுகொடுத்தது வேறு சிலருக்கு. அல்பெர்ட்டோ அலெசினா, சில நாடுகளில் செலவுக் குறைப்பு வளர்ச்சியையே தூண்டியது என்று காட்டும் ஆய்வை 2010 ஏப்ரலில் மத்ரீதில் ஐரோப்பிய நிதியமைச்சர்கள் முன் வைத்தார். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் அதே ஆண்டு, கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் அந்த 90 வேத வாக்கானது. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது விடை வரவில்லை. எக்செல் தாளில் ஒரு சராசரி போடும்போது ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதோடு சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காததையும், நாடுகளுக்கு எடை கொடுத்த முறையையும் சரிசெய்தால், 90 சதவீதத்துக்கு மேல் கடன் உள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 அல்ல, 2.2 சதவீதம். எக்செல் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடன் அதிகமான நாடுகள் மெதுவாகவே வளர்கின்றன என்ற அடிப்படை முடிவு மாறவில்லை என்றும் சொன்னார்கள். அது விவாதத்துக்குரியது, விவாதிக்கலாம். ஆனால் 90 என்ற கோட்டுக்கு அந்தப் பக்கம் பாதாளம் என்ற பேச்சு அதோடு முடிந்தது. லட்சக்கணக்கான மனிதர்களின் ஓய்வூதியத்தை வெட்டும்போது காட்டிய ஆதாரம் அது.

என் கோபம் எக்செல் தப்பின் மேல் இல்லை, அது யாருக்கும் நேரும். பத்து ஆய்வுகள் மேசையில் இருக்கும்போது, கடன் கொடுத்தவருக்குச் சாதகமான இரண்டை மட்டும் எடுத்து, "பொருளியல் இப்படித்தான் சொல்கிறது" என்று அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே என் கேள்வி. ஐ.எம்.எஃப்பில் வாக்குகள் பணத்தின் அளவுப்படி. அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல், முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீதம் தேவை, ஆக அமெரிக்கா ஒத்துக்கொள்ளாமல் அந்த முடிவுகள் எதுவும் நடக்காது. தலைவர் பதவி எப்போதும் ஐரோப்பியருக்கு, உலக வங்கித் தலைவர் பதவி அமெரிக்கா கைகாட்டும் ஆளுக்கு. விர்மானியின் எச்சரிக்கை கூட்டக் குறிப்பில் பதிவானதோடு நின்றதற்கு இதுவே காரணம்.

மக்களுக்கு என்ன ஆனது? 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக்கினார்கள். 25 வயதுக்குக் கீழே இருந்தால் 511. அடுத்த ஆண்டு வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது, இளைஞர்களிடையே 60ஐ நெருங்கியது. கிரீஸில் மருத்துவக் காப்பீடு வேலையோடு பிணைந்தது. வேலை போய்ச் சில காலத்தில் காப்பீடும் போய்விடும். லட்சக்கணக்கானவர்கள் அப்படி வெளியே நின்றார்கள். மருத்துவர்கள் இலவசமாக நடத்திய ஒற்றுமை மருத்துவமனைகள்தான் அவர்களுக்கு இன்சுலினும் தடுப்பூசியும் கொடுத்தன. காப்பீடு இல்லாதவர்களும் அரசு மருத்துவமனைக்கு வரலாம் என்ற சட்டம் 2016இல்தான் வந்தது. போதை ஊசி போடுபவர்களுக்கான தடுப்புத் திட்டங்கள் போதாமல் இருந்த நேரத்தில், 2011இல் ஏதென்ஸில் அவர்களிடையே எச்.ஐ.வி திடீரென்று பரவியது. படித்த இளைஞர்கள் கிளம்பினார்கள். நெருக்கடிக் காலத்தில் நாட்டைவிட்டுப் போனவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல், அதுவும் ஒரு கோடியே பத்து லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில். அவர்களைப் படிக்கவைத்த செலவு கிரீஸுடையது, அவர்களுடைய உழைப்பின் பலன் ஜெர்மன் மருத்துவமனைகளுக்கும் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கும்.

2012 மார்ச்சில் கடைசியாகத் தனியார் கடனில் தள்ளுபடி வந்தது. பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 சதவீதம் போனது, மொத்தம் சுமார் 10,700 கோடி யூரோ. ஆனால் அது யார் கையிலிருந்து போனது என்று பாருங்கள். இரண்டு ஆண்டு அவகாசத்தில் பல வெளிநாட்டு வங்கிகள் கையிருப்பைக் குறைத்துக்கொண்டிருந்தன. ஐரோப்பிய மத்திய வங்கி தன் கையில் இருந்த பத்திரங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. வெளிநாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியான பத்திரங்களை வைத்துக்கொண்டு ஒத்துக்கொள்ள மறுத்த நிதியங்களுக்கு முழுப் பணமும் கொடுத்தார்கள். விலக்கு இல்லாமல் மாட்டிக்கொண்டவை கிரேக்க வங்கிகளும் கிரேக்க ஓய்வூதிய நிதிகளும். வங்கிகளுக்கு மறுபடி மூலதனம் போட அரசு கடன் வாங்கியது. ஓய்வூதிய நிதிகளுக்கு அப்படி யாரும் போடவில்லை.

இலங்கை வாசகர்களுக்கு இது தெரிந்த கதையாக இருக்கும். 2022இல் கடன் தவணையை நிறுத்திய பிறகு, 2023இல் ஐ.எம்.எஃப் திட்டத்தோடு வந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், வங்கிகள் வைத்திருந்த அரசின் ரூபாய்ப் பிணைமுறிகளை (கடன் பத்திரங்களை) தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளிடம், குறைந்த வட்டிப் பிணைமுறிக்கு மாறாவிட்டால் 30 சதவீத வரி என்றார்கள். இரண்டு நாடுகளின் வரலாறும் காரணங்களும் வேறு. நஷ்டம் போய் இறங்கிய இடம் ஒன்று.

2015ஐப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகப் போகிறேன். ஜனவரியில் சிக்கன நடவடிக்கையை எதிர்த்த இடதுசாரிக் கட்சியான சிரிஸா கிரேக்கத் தேர்தலில் வென்றது. பத்து நாளுக்குள், பிப்ரவரி 4ஆம் தேதி, வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும்போது கிரேக்க அரசுப் பத்திரங்களை ஈடாக வாங்கமாட்டோம் என்று ஐரோப்பிய மத்திய வங்கி அறிவித்தது. ஜூன் 28ஆம் தேதி கிரேக்க வங்கிகளுக்கான அவசரக் கடனுக்கு அது வரம்பு போட்டதும் வங்கிகள் மூடப்பட்டன, ஏடிஎம்மில் நாளுக்கு 60 யூரோ. ஜூலை 2ஆம் தேதி ஐ.எம்.எஃப் தன் மதிப்பீட்டை வெளியிட்டது, பெரிய கடன் சலுகை இல்லாமல் கிரீஸ் மீள முடியாது என்று. அதாவது கிரேக்க அரசு பேச்சுவார்த்தையில் வாதாடியதை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரே எழுத்தில் உறுதிசெய்தார். 5ஆம் தேதி வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் வேண்டாம் என்றார்கள். 13ஆம் தேதி விடியலில் பிரதமர் சிப்ராஸ் அவற்றைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார். சிப்ராஸின் முடிவை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. பணப்புழக்கத்தை நிறுத்தும் குழாயின் திருகு வேறொருவர் கையில் இருக்கும்போது ஒரு சிறிய நாட்டின் பிரதமர் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்பதும் எனக்குப் புரிகிறது. அந்த ஒப்பந்தத்தின்படி விற்றவற்றில் 14 விமான நிலையங்களின் 40 ஆண்டு நிர்வாக உரிமையும் ஒன்று. ஃப்ராபோர்ட் என்ற ஜெர்மன் விமான நிலைய நிறுவனத்தின் தலைமையிலான கூட்டணி அதை 123 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஃப்ராபோர்ட்டின் பெரும்பான்மைப் பங்குகள் ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்திடமும் ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சியிடமும் இருக்கின்றன. அரசுகளால் நிறுவனம் நடத்த முடியாது என்று சொல்லி விற்கச் சொன்னார்கள், வாங்கியது இன்னொரு அரசின் நிறுவனம்.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது, ஐரோப்பாவே அதை ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 1953 பிப்ரவரியில் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் வெளிக்கடன் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. மீதியை நீண்ட காலத்துக்குப் பரப்பி, ஏற்றுமதி செய்து சம்பாதித்துக் கட்டும்படி வகைசெய்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட, கடன் கொடுத்த நாடுகளில் கிரீஸும் ஒன்று. நாஜி ஆக்கிரமிப்பின்போது கிரேக்க மத்திய வங்கியிடமிருந்து பிடுங்கிய 47.6 கோடி ரைஷ்மார்க் கட்டாயக் கடன் இன்றுவரை திரும்பவில்லை. 1953இன் அந்தத் தள்ளுபடியை யாரும் ஒழுக்கக்கேட்டுக்குப் பரிசு என்று சொல்லவில்லை. சோவியத் அணியின் எல்லையில் வலுவான மேற்கு ஜெர்மனி தேவைப்பட்டது, தள்ளுபடி கிடைத்தது. 2010இல் கிரீஸுக்கு அந்த அரசியல் மதிப்பு இல்லை.

கடைசியாக, "இப்போது வளர்கிறதே" என்ற பகுதி. உண்மைதான். 2018 ஆகஸ்டில் திட்டங்கள் முடிந்தன, 2022இல் ஐ.எம்.எஃப் கடனை முன்கூட்டியே கட்டி முடித்தது, 2023இல் கடன் தரமதிப்பீடு மீண்டும் முதலீட்டுத் தரத்துக்கு வந்தது. கோவிட் ஆண்டில் 200 சதவீதத்தைத் தாண்டிய கடன் விகிதம் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் எதனால் இறங்குகிறது? பட்ஜெட் உபரிக்கு அதில் பங்கு உண்டு. பெரிய பங்கு, பணவீக்கத்தோடு சேர்ந்து ஜிடிபி ஏறியதற்கும், கடனில் பெரும்பகுதி குறைந்த வட்டியில் 2060கள் வரை நீட்டிக்கப்பட்டதற்கும், ஒரு பகுதிக்கு வட்டியும் அசலும் பத்து ஆண்டுகள் தள்ளிவைக்கப்பட்டதற்கும் உண்டு. அதாவது 2010இல் கொடுக்காத கடன் சலுகையின் ஒரு வடிவம்தான் 2012க்குப் பிறகு சிறுகச் சிறுகக் கொடுக்கப்பட்டது. பலனளித்தது எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். இதற்கு ஈடாக, 2060 வரை வட்டி நீங்கலான பட்ஜெட்டில் சராசரியாக ஜிடிபியில் 2.2 சதவீதம் உபரி காட்டுவதாக கிரீஸ் ஒப்புக்கொண்டிருக்கிறது. வாங்கும் சக்தியின்படி தலா ஜிடிபியில் இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் கடைசி வரிசையில், பல்கேரியாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 2024 ஜூலையில் சில தொழில்களில் ஆறு நாள் வேலை வாரத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். விலைவாசி நீக்கிப் பார்த்தால், 2008இல் இருந்த ஜிடிபி அளவை 2024 முடிவிலும் கிரீஸ் தொடவில்லை.